பீரோவில் ஒரு நமுத்த வெடி

இந்தப் பதிவைப் படித்துவிட்டு எங்கள் குடியிருப்பில் நாலு பேர் என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை. பொங்கல் விழாவுக்குச் சந்தா மட்டும் கொடுத்துவிடுங்கள், போதும்.

விஷயம் இதுதான். கான்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் கல்யாண ஊர்வலத்தில் தோளில் துப்பாக்கியோடு போகிறவர்களைப் பார்த்து நம் ஆட்கள் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். "என்ன ஊருய்யா இது" என்பார்கள். இப்போது அதே ஆட்களில் மூன்று பேர் ரிவால்வர் லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். நான் ஆலைகளுக்கு இயந்திர உதிரிபாகம் அளந்து பாஸ் போடும் வேலை பார்க்கிறவன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள், "எந்த மாடல் நல்லது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று. ஏதோ மிக்ஸி வாங்குகிற மாதிரி.

என் பதில்: எதுவும் வாங்காதீர்கள். காந்தியம் பேசி இதைச் சொல்லவில்லை. அளந்து பார்க்காத எதையும் நம்பக் கூடாது என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். நீங்கள் வாங்கப்போகும் துப்பாக்கியை நீங்கள் ஒருநாளும் அளந்து பார்க்கப் போவதில்லை, பார்க்கவும் முடியாது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், டீ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு துப்பாக்கியைத் தெரிந்துகொள்ள என்ன ஆகும்?

2018ல் ஒரு ப்ராஜெக்ட் விஷயமாக மூன்று மாதம் அமெரிக்காவில் டெக்சாஸில் இருந்தேன். அங்கே எங்களோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், என்னைப் போலவே தரக்கட்டுப்பாட்டு ஆசாமி, புதிதாக ஒரு ரிவால்வர் வாங்கியிருந்தார். ரூகர் கம்பெனியின் பிளாக்ஹாக், 'கன்வர்ட்டிபிள்' என்ற வகை. ஒரே துப்பாக்கிக்கு இரண்டு சிலிண்டர். ஒன்றில் .357 மேக்னம் தோட்டா போடலாம், அதிலேயே கொஞ்சம் குட்டையான .38 ஸ்பெஷலும் போகும். அச்சுக் கம்பியை உருவி அடுத்த சிலிண்டரை மாட்டினால் 9 எம்எம் பிஸ்டல் தோட்டா போடலாம். சிங்கிள் ஆக்‌ஷன் என்பதால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். கௌபாய் படங்களில் பார்ப்போமே, அந்த 1873ஆம் வருஷத்துக் கோல்ட் ரிவால்வரின் பேரப்பிள்ளை. பழைய கோல்ட்டில் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலைக் காலி அறைமேல் வைத்திருக்க வேண்டும். கீழே விழுந்தால் வெடித்துவிடும். ரூகர் 1973ல் இடையில் ஒரு சின்ன உலோகத் தகடு வைத்து அந்த ஆபத்தை நீக்கியது.

கடைக்காரர் "எந்தத் தோட்டாவும் போடலாம் சார்" என்று சொல்லித்தான் விற்றாராம். நம் பெரியவர் அதை நம்புகிற ஜாதி இல்லை. சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். நான் சுடவில்லை. விசாவில் வந்தவனுக்கு அங்கே அதில் ஆயிரத்தெட்டு சட்டச் சிக்கல். வெர்னியரும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

ஆறு வகைத் தோட்டா கொண்டுவந்திருந்தார். .38ல் ஒன்று, .357ல் இரண்டு, 9 எம்எம்மில் மூன்று. மணல்மூட்டையில் கையை ஊன்றி, 25 கெஜத்தில் அட்டை வைத்து, ஒவ்வொரு வகையிலும் மூன்று சிலிண்டர், அதாவது 18 தோட்டா. குறியைச் சரிசெய்யச் சுட்டதையும் சேர்த்தால் அன்றைக்கு மட்டும் ஏறத்தாழ 150.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். .357ல் 158 கிரெய்ன் எடையுள்ள குண்டு இரண்டு அங்குல வட்டத்துக்குள் அடங்கியது. அதே .357ல் 125 கிரெய்ன் லேசான குண்டு மூன்று அங்குலம் கீழே போய் விழுந்தது. 9 எம்எம் 115 கிரெய்னில் ஒரு கம்பெனித் தோட்டா நாலரை அங்குலத்துக்குச் சிதறியது. அதே எடையில் இன்னொரு கம்பெனி இரண்டரைக்குள் நின்றது. துப்பாக்கி ஒன்று, கை ஒன்று, நாள் ஒன்று, மேஜை ஒன்று. மாறியது தோட்டா மட்டும்தான்.

ஏன் இப்படி? மாயம் ஒன்றும் இல்லை. சுடும்போது துப்பாக்கியின் மூக்கு மேலே எழும்பும். கனமான குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது. அது வெளியே வருவதற்குள் மூக்கு எழும்பிவிடுகிறது, அதனால் மேலே போய்ப் படுகிறது. லேசான குண்டு சீக்கிரம் வெளியேறிவிடுவதால் கீழே படுகிறது. அடுத்தது அளவு. .357 குண்டின் விட்டம் 0.357 அங்குலம், 9 எம்எம் குண்டு 0.355. குழல் வெட்டப்பட்டிருப்பது முதலாவதற்கு. வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி கனம்கூட இல்லை. ஆனால் அந்தத் தொளதொளப்பைச் சில தோட்டா தாங்கிக்கொள்கிறது, சில தாங்குவதில்லை. எது தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்காது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் பார்த்தேன். .38 ஈயக் குண்டு நாற்பது ஐம்பது சுட்டபிறகு .357 தோட்டா சிலிண்டரில் முழுசாக இறங்க மறுத்தது. குட்டைத் தோட்டா நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் கரியும் ஈயமும் ஒரு வளையமாகப் படிந்துவிட்டது. பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தபிறகுதான் சரியானது. "இது இன்றைக்குத் தெரிந்தது நல்லது" என்றார் பெரியவர். அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் போனார். முதல் நாள் வெறும் அறிமுகம்தானாம்.

மொத்தம் மூன்று சனிக்கிழமை, நானூறு தோட்டாவுக்கு மேல். ஒரு துப்பாக்கிக்கு இன்ன தோட்டா ஒத்துவரும், இன்னது ஒத்துவராது என்று ஒரு அனுபவஸ்தன் தெரிந்துகொள்ள ஆன செலவு இது. இத்தனைக்கும் அது அவருக்கு விளையாட்டுச் சாமான். உயிரைக் காப்பாற்ற வாங்கியது இல்லை.

இப்போது நம் கதைக்கு வாருங்கள்

முதலில், அந்த இரண்டாவது சிலிண்டர் இங்கே ஒருவரிடம் இருந்தாலே குற்றம். 9 எம்எம் நம் நாட்டில் சாதாரண லைசென்ஸ்தாரருக்குத் தடை செய்யப்பட்ட அளவு. நம் ஆட்கள் வாங்குவது .32 ரிவால்வர். அதில் போடும் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா 1896ல் பிறந்தது. தோட்டாவைக் குறை சொல்ல மாட்டேன். உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் இதே தோட்டாவை வைத்துத்தான் பலர் பதக்கம் அடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் சுடுவது தட்டை முனைக் குண்டு வைத்த பந்தயத் தோட்டா, தங்கள் துப்பாக்கிக்கென்று பல வகையைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. நமக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அரசு ஆலைத் தோட்டா. பெயர்போன துப்பாக்கி வீரர்களுக்கு இறக்குமதி செய்துகொள்ள வழி உண்டு. வங்கி மேனேஜருக்குக் கிடையாது. ஆக, 'வகைவகையாகச் சுட்டுப் பார்ப்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, கிடைக்கிற ஒரு வகையையாவது நன்றாகச் சுட்டுப் பார்க்கலாமா? ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஒரு வருஷத்தில் எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸ் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். காலிக் கூட்டைக் காட்டிக் கணக்குச் சொன்னால்தான் அடுத்தது என்கிற மாவட்டங்களும் உண்டு. விலையோ, ஒரு தோட்டா நூறு ரூபாய்க்குக் குறைந்து கிடைத்ததாக இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கே சுடுவீர்கள்? மொட்டை மாடியிலா? பண்ணை வீட்டிலா? 2019 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு கொண்டாட்டத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ரைஃபிள் கிளப் ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும். போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விளைவு? எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ரிவால்வர் வைத்திருப்பவர்களில் பலர் வாங்கின நாளில் சுட்டதோடு சரி. தோட்டா பத்து வருஷமாகப் பீரோவில் தூங்குகிறது. கான்பூர் வெயில் தெரியும், மே மாசம் 45 டிகிரி. மழைக்கால ஈரமும் டிசம்பர் பனியும் தெரியும். நான் சாத்தூர்க்காரன். வெடிமருந்து ஈரத்தில் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போன தீபாவளிக்கு வாங்கிப் பரணில் போட்ட சரத்தை இந்தத் தீபாவளிக்குக் கொளுத்தினால் பாதி வெடிக்கும், பாதி புஸ்ஸென்று போகும். தோட்டா பட்டாசைவிடப் பத்திரமாக மூடப்பட்டது, சரி. ஆனால் நமுத்ததா இல்லையா என்று கொளுத்திப் பார்த்தால்தானே தெரியும்?

அரசாங்கம் விற்ற வீரம்

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆலை 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெண்களுக்கென்று, அரைக் கிலோ எடையில், .32 அளவில். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமையில் செத்துப்போன பெண்ணை ஊடகங்கள் நிர்பயா என்று அழைத்தன. அதே பொருள் வருகிற பெயர். விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி மாதிரி மெரூன் நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

நான் கேட்கிறேன், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வருகிற எந்தப் பெண் ஒண்ணேகால் லட்சம் கொடுத்து இதை வாங்குவாள்? வாங்கினாலும், பெட்டிக்குச் செலவழித்த கற்பனையில் கொஞ்சத்தை, அவள் மாதம் ஒருமுறை ஐம்பது தோட்டா சுட்டுப் பழக ஒரு ரேஞ்சுக்குச் செலவழித்திருக்கக் கூடாதா? 2023ல் 'பிரபல்' என்று அடுத்தது வந்தது, 50 மீட்டர் பாயும் என்ற விளம்பரத்தோடு. பாயட்டும். ஐம்பது மீட்டரில் குறி பார்த்து அடிக்க யார் பழகியிருக்கிறார்கள்? 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்கின்றன, நல்ல விஷயம். ஆனால் எப்படிப் பிடிப்பது, எப்படிக் காலி செய்வது என்று அது சொல்லித்தரலாம். உங்கள் துப்பாக்கியும் உங்கள் பெட்டித் தோட்டாவும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது.

வரப்போகும் கேள்விகளுக்கு இப்போதே பதில்

1. "நம்ம ஹாலே நாலு மீட்டர்தான், இருபத்தஞ்சு கெஜக் கணக்கெல்லாம் எதுக்கு?"

நல்ல கேள்வி. நாலு மீட்டரில் மூன்று அங்குலம் விலகுவது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் வெடிக்குமா என்பது விஷயம். குறி தப்பினால் பின்னால் என்ன இருக்கிறது என்பது விஷயம். உங்கள் ஹாலுக்குப் பின்னால் இருப்பது ப்ளைவுட் கதவு, அதற்குப் பின்னால் பிள்ளையின் கட்டில். .32 சின்னத் தோட்டாதான். ப்ளைவுட்டுக்கு அது தாராளம்.

2. "ரிவால்வர்ல ஒண்ணு வெடிக்கலைன்னா மறுபடி விசையை இழுத்தா அடுத்தது வரும்."

வரும். ஆனால் மருந்து குறைந்த தோட்டா என்று ஒன்று இருக்கிறது. 'டப்' என்று சின்னச் சத்தம் கேட்கும், குண்டு குழலைவிட்டு வெளியே வராமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம், உங்கள் கையிலேயே. அந்தச் சத்த வித்தியாசத்தை நூற்றுக்கணக்கில் சுட்டவன் காது கண்டுபிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்கிறவன் காது கண்டுபிடிக்காது.

3. "சுடவே வேண்டாம், காட்டினாலே போதும்."

உத்தரப்பிரதேசத்தில்? 2016 கடைசிக் கணக்குப்படி நாடு முழுக்க இருந்த 33.69 லட்சம் லைசென்ஸில் 12.77 லட்சம் இந்த ஒரு மாநிலத்தில். தமிழ்நாட்டில் 22 ஆயிரம் சொச்சம். இதற்கு மேல் கணக்கில் வராத கட்டா எத்தனையோ. துப்பாக்கியைப் பார்த்துப் பழகின ஊரில் துப்பாக்கியைக் காட்டி யாரை மிரட்டப் போகிறீர்கள்? காட்டிவிட்டுச் சுடத் தயங்கினால் அது எதிராளி கைக்குப் போய்விடும். அவன் தயங்க மாட்டான்.

4. "லைசென்ஸ் வெச்சிருக்கவன் குற்றம் பண்றதில்லையே."

பெரும்பாலும் உண்மை. நானும் உங்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. என் பயம் வேறு. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2014ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நம் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜேஇஇ, நீட் ரிசல்ட் வருகிற வாரம் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு

இந்த ஊர்க்காரனுக்காவது கூட்டுக் குடும்பம், வீட்டில் எப்போதும் நாலு பேர். நமக்கு? மே மாசம் லீவு விட்டதும் பூட்டைப் போட்டுவிட்டு ராப்திசாகரில் ஏறி முப்பது நாள் ஊருக்குப் போய்விடுவோம். நம் காலனியில் எனக்குத் தெரிந்து நடந்த ஐந்து திருட்டும் வீடு பூட்டியிருந்தபோது நடந்தவை. அப்போது உங்கள் ரிவால்வர் யாரைக் காப்பாற்றும்? அது பீரோவில் இருக்கும், நகையோடு சேர்ந்து அதுவும் போகும். அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கி எங்கே வெடித்தாலும் முதலில் போலீஸ் தட்டுவது உங்கள் கதவை. இல்லை, ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் டீலரிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்துவிட்டுப் போவீர்களா? தேர்தல் வந்தாலும் 'கொண்டுவந்து கட்டு' என்பார்கள். மூன்று வருஷத்தில் புனேவுக்கோ ராஞ்சிக்கோ மாற்றல் வந்தால், புது ஊர் அலுவலகத்தில் லைசென்ஸைப் பதிய வேண்டும். கேஸ் இணைப்பை மாற்றவே நாலு நாள் லீவு போட்டவர்கள் நாம்.

அண்ணாச்சி, உங்கள் பெயரைப் போடவில்லை, ஆனால் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன மாசம் மதினி கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போன ஆத்திரம் எனக்கும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அது பட்டப்பகலில் காய்கறி வண்டிப் பக்கத்தில் மூன்று நொடியில் நடந்தது. பைக் தெருமுனை தாண்டின பிறகுதான் மதினி கத்தினார்கள். நீங்கள் இடுப்பில் பீரங்கியே வைத்திருந்தாலும் அந்தச் சந்தைக் கூட்டத்தில் யாரைப் பார்த்துச் சுட்டிருப்பீர்கள்?

அந்த ஒண்ணேகால் லட்சத்தில் முன்கதவுக்கு இரும்பு கிரில், நல்ல பூட்டு, படிக்கட்டுக்கு விளக்கு, வாசலுக்கு ஒரு கேமரா எல்லாம் வாங்கி மீதி வரும். எட்டு வீடு சேர்ந்தால் ராத்திரிக் காவலுக்கு ஒரு ஆள் போடலாம். 112ஐ எல்லோர் வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். ஊருக்குப் போகும்போது சாவி யாரிடம், செடிக்குத் தண்ணீர் யார் என்று பேசி வைக்கலாம். துப்பாக்கிமேல் நிஜமாகவே ஆசை என்றால் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுங்கள், உங்கள் மகளையும் சேர்த்துவிடுங்கள். மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினது அதில்தான். அங்கே தினமும் சுடுவார்கள், தினமும் அளப்பார்கள். அதை நான் மதிக்கிறேன்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ரிவால்வர் விற்கிறீர்கள், தோட்டாவும் விற்கிறீர்கள். வாங்கினவன் வருஷத்தில் இத்தனை நாள் ரேஞ்சில் சுட்டுக் காட்டினால்தான் லைசென்ஸ் புதுப்பிப்போம் என்று சொல்லுங்கள், அதற்கு மாவட்டத்துக்கு ஒரு ரேஞ்சும் நியாய விலைத் தோட்டாவும் கொடுங்கள். முடியாது என்றால் 'பாதுகாப்பு' என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அண்ணாச்சி, மனுவின் நகல் உங்கள் மேஜை டிராயரில் இருப்பது தெரியும். போலீஸ் விசாரணைக்கு இன்னும் வரவில்லை, திரும்பப் பெற நேரம் இருக்கிறது. கிரில்காரன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லட்டுமா?